"வந்திருப்பேன்"னு சொல்லத் தெரிஞ்சா ஸ்பானிஷ்ல "அப்ரீயா பெனீதோ" வந்துரும்

யார்கிட்டயாவது "முன்னாடியே சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே"ன்னு சொல்லியிருப்பீங்க இல்லையா? அந்த "வந்திருப்பேன்"ல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் நின்னு பாருங்க. வரல, வரவே இல்ல. ஆனா ஒரு கண்டிஷன் மட்டும் சரியா அமைஞ்சிருந்தா வந்து முடிஞ்சிருக்கும். நடக்காமப் போன ஒண்ணை நடந்து முடிஞ்ச மாதிரி மனசுக்குள்ள வச்சுக்கிட்டு பேசுறோம். ஸ்பானிஷ்ல இதுக்குன்னே இருக்குற டென்ஸ் பேரு கொந்திசியோனால் கொம்புவெஸ்தோ. சில புத்தகத்துல கொந்திசியோனால் பெர்ஃபெக்தோன்னு போட்டிருப்பாங்க, ரெண்டும் ஒண்ணுதான், குழம்ப வேண்டாம்.

நான் இதை முதல்ல இங்கிலீஷ் வழியாத்தான் கத்துக்கிட்டேன். தமிழ்ல யோசிச்சு, அதை "வுட் ஹேவ்"னு மாத்தி, அங்கேருந்து ஸ்பானிஷுக்குப் போய், அதுக்குள்ள பேச வந்த விஷயமே மறந்துரும். அப்புறம் ஒருநாள் "பேசியிருப்பேன்"ங்கிற வார்த்தையை ஒரு பேப்பர்ல உடைச்சு எழுதிப் பார்த்தேன், அன்னைக்குத்தான் இந்த டென்ஸ் எனக்கு உண்மையிலேயே புரிஞ்சது. நமக்கு இங்கிலீஷ் பாலமே தேவையில்ல, நேரா போகலாம். அந்த வழியைத்தான் இங்க சொல்றேன்.

ஸ்பானிஷ் வார்த்தைகளை நான் தமிழ் எழுத்துலயே எழுதுறேன், அதனால ஒரு சின்ன உச்சரிப்புக் குறிப்பு மட்டும் முதல்ல. அப்லாதோன்னு எழுதுற இடத்துல அந்த கடைசி "தோ"வை "அது", "காது"ல வர்ற மென்மையான த மாதிரி சொல்லுங்க. ரெண்டு உயிர் ஒலிக்கு நடுவுல த வந்தா தமிழ்ல தானா மெதுவாகுது பாருங்க, ஸ்பானிஷ்லயும் அப்படியேதான் ஆகுது, இங்க தமிழ்க்காரங்களுக்கு எக்ஸ்ட்ரா முயற்சியே வேண்டாம். அப்ரீயாவுல வர்ற "ப்"பும் மென்மையானதுதான், உதடு முழுசா ஒட்டாது. எழுதும்போது அப்ரீயாவுக்கும் அப்லாதோவுக்கும் முன்னாடி ஒரு எச் எழுத்து வரும், ஆனா வாயில அதுக்கு சத்தமே கிடையாது.

சரி, உடைச்சுப் பார்ப்போம். பேசியிருப்பேன். பேசி, இரு, ப்பேன். "பேசி"ங்கிறது வினையெச்சம், எந்த வேலைன்னு சொல்லுது, ஆனா யார் பண்ணாங்கன்னு சொல்லாது. "இரு" துணைவினை. கடைசி "ப்பேன்"லதான் காலமும் ஆளும் இருக்கு. ஸ்பானிஷ்ல இதே சாமான்களை திருப்பிப் போட்டு அடுக்குவாங்க: அப்ரீயா அப்லாதோ. முதல்ல துணைவினை, காலமும் ஆளும் அதுலயே முடிஞ்சுரும், அப்புறம் நம்ம "பேசி" இடத்துல அப்லாதோ. கண்ணாடியில பார்க்குற மாதிரி வரிசை மட்டும் மாறுது, உள்ள இருக்குற எலும்பு ஒண்ணுதான்.

இது இந்த ஒரு டென்ஸோட நிக்கல. "பேசியிருக்கேன்" எ அப்லாதோ, "பேசியிருந்தேன்" அபீயா அப்லாதோ, "பேசியிருப்பேன்" அப்ரீயா அப்லாதோ. நம்ம "இரு" எப்படி இருக்கேன், இருந்தேன், இருப்பேன்னு மாறுதோ அதே மாதிரி அவங்களோட அபேர்ங்கிற துணைவினை எ, அபீயா, அப்ரீயான்னு மாறுது, அப்லாதோ நகராம அப்படியே நிக்குது. அபீயாவுக்கும் அப்ரீயாவுக்கும் நடுவுல ஒரே ஒரு ர் தான் வித்தியாசம், அந்த ர்-ஐ முழுங்கிட்டீங்கன்னா "பேசியிருப்பேன்"னு சொல்ல வந்தது "பேசியிருந்தேன்"னு போய்ச் சேரும், கேக்குறவங்களுக்கு அர்த்தமே தலைகீழாயிரும், நடக்காத விஷயம் நடந்ததாயிரும். அதனால அந்த ர் மேல கொஞ்சம் அழுத்தமா கவனம் வைங்க.

இப்போ அபேர் ஆறு ஆளுக்கும் எப்படி மாறுதுன்னு பார்க்கலாம், இந்த டென்ஸ்ல மனப்பாடம் பண்ண வேண்டியது இது ஒண்ணுதான். நான்னா யோ அப்ரீயா. நீன்னா தூ அப்ரீயாஸ். அவன், அவ, மரியாதையா சொல்ற நீங்க, இந்த மூணுக்கும் அப்ரீயா. நாங்க, நாம ரெண்டுக்கும் அப்ரீயாமோஸ், ஏன்னா ஸ்பானிஷ்ல நாங்கன்னும் நாமன்னும் பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க. ஸ்பெயின்ல ஃப்ரெண்ட்ஸ் கூட்டத்தைப் பார்த்து "நீங்கல்லாம்"னு பேசும்போது அப்ரீயாய்ஸ். அவங்க, அப்புறம் மரியாதையான பன்மை நீங்க, ரெண்டுக்கும் அப்ரீயான். லத்தீன் அமெரிக்காவுல அந்த அப்ரீயாய்ஸ் பேச்சுல வர்றதே இல்ல, எல்லாரையும் உஸ்தேதேஸ்னு கூப்பிட்டு அப்ரீயான் போட்டுருவாங்க, ஸோ உங்க டார்கெட் மெக்சிகோவோ கொலம்பியாவோன்னா அஞ்சு வடிவம் போதும். அர்ஜென்டினாவுல தூ-க்கு பதிலா வோஸ்னு சொல்லுவாங்க, ஆனா இந்த டென்ஸ்ல அதுக்கும் அப்ரீயாஸ் தான்.

எழுதும்போது இந்த ஆறுலயும் ஐ எழுத்து மேல ஒரு சாய்வுக் கோடு வரும், ஒண்ணுலகூட விடக்கூடாது. அது அலங்காரத்துக்கு இல்ல. ஐயும் ஏயும் பக்கத்துல வந்தா ஸ்பானிஷ்ல ரெண்டும் சேர்ந்து "ய" மாதிரி ஒரே அசையா ஒட்டிக்கும், அந்தக் கோடு தான் "ஒட்டாத, இங்க அழுத்தி நீட்டு"ன்னு சொல்லுது, அதனால அப்-ரீ-யான்னு மூணு அசையா பிரிஞ்சு ஒலிக்குது.

இந்த "ஈயா" எங்கேருந்து வந்ததுன்னு தெரிஞ்சப்போ எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதனால சொல்லிடறேன். பழைய காலத்துல வினைச்சொல்லோட மூல வடிவத்துக்குப் பின்னாடி அபீயாவைத் தனி வார்த்தையா போட்டாங்க, நாளாக நாளாக அந்த அபீயா தேய்ஞ்சு வெறும் ஈயாவா ஒட்டிக்கிச்சு, கண்டிஷனல் பிறந்தது அப்படித்தான். அப்போ அப்ரீயாவுக்குள்ள அபேரும் இருக்கு, தேய்ஞ்சுபோன அபீயாவும் இருக்கு, ஒரே துணைவினை ரெண்டு தடவை உக்காந்திருக்கு. நடுவுல இருந்த "எ" ஒலியும் போயிருச்சு, அபெரீயான்னு வர வேண்டியது அப்ரீயான்னு சுருங்கிருச்சு. எதிர்காலத்துக்கு வர்ற அப்ரே, அப்ராஸ், அப்ராலயும் இதே சுருக்கம் இருக்குறதால அது தெரிஞ்சவங்களுக்கு இது புதுசா தோணாது.

அடுத்து அந்த "பேசி" பாகம், ஸ்பானிஷ்ல பார்த்திசிபியோன்னு பேரு. ரெகுலர் வெர்ப்னா இதைவிட ஈஸியா ஒண்ணும் கிடையாது. ஆர்ல முடியுற வெர்ப்ல அந்த ஆரை எடுத்துட்டு ஆதோ போடுங்க: அப்லார் அப்லாதோ ஆகும், கொம்ப்ரார் கொம்ப்ராதோ ஆகும், அதாவது வாங்கு, வாங்கி. ஏர், ஈர் ரெண்டுல முடியுற வெர்புக்கும் ஈதோ: கொமேர், அதாவது சாப்பிடு, கொமீதோ ஆகும், பர்த்தீர், அதாவது புறப்படு, பர்த்தீதோ ஆகும். அவ்வளவுதான். நிகழ்காலத்துல அடம்பிடிக்கிற பல வெர்புங்க கூட இங்க சாதுவாயிரும். வா-ன்னு அர்த்தம் வர்ற பெனீர் நிகழ்காலத்துல எத்தனை கோணல் காட்டும்னு படிச்சவங்களுக்குத் தெரியும், ஆனா இங்க சமத்தா பெனீதோ. தூங்குன்னு அர்த்தம் வர்ற தொர்மீரும் அப்படித்தான், தொர்மீதோ.

ஒரு வெர்பை முழுசா ஓட்டிப் பார்த்துருவோம், வாய்விட்டு சொல்லிக்கிட்டே படிங்க. யோ அப்ரீயா அப்லாதோ, நான் பேசியிருப்பேன். தூ அப்ரீயாஸ் அப்லாதோ, நீ பேசியிருப்ப. எல் அப்ரீயா அப்லாதோ, அவன் பேசியிருப்பான், எயான்னு போட்டா அவ பேசியிருப்பா. நோசோத்ரோஸ் அப்ரீயாமோஸ் அப்லாதோ, நாங்க பேசியிருப்போம். போசோத்ரோஸ் அப்ரீயாய்ஸ் அப்லாதோ, நீங்கல்லாம் பேசியிருப்பீங்க. எயோஸ் அப்ரீயான் அப்லாதோ, அவங்க பேசியிருப்பாங்க. இதுல ஒரு இடத்துல மட்டும் தமிழ் நமக்கு உதவாது. தமிழ்ல நம்ம "நான்", "அவன்"னு சொல்லலைன்னாலும் பேசியிருப்பேன், பேசியிருப்பான்னு முடிவுலயே ஆள் தெரிஞ்சுரும், ஸ்பானிஷ்ல யோவுக்கும் எல்-லுக்கும் ஒரே அப்ரீயா. பொதுவா ஸ்பானிஷ்ல யோ, தூ எல்லாம் விட்டுட்டுப் பேசுறதுதான் இயல்பு, ஆனா இங்க யாருன்னு குழப்பம் வர்ற மாதிரி இருந்தா மட்டும் யோ, எல், எயாவைத் தைரியமா போடுங்க.

அப்லாதோ நகராதுன்னு சொன்னேன்ல, அதைக் கொஞ்சம் விரிச்சு சொல்லணும், ஏன்னா ஸ்பானிஷ் கொஞ்சம் படிச்சவங்கதான் இதுல அதிகமா தப்பு பண்ணுவாங்க. ஸ்பானிஷ்ல பெண்பாலுக்கு ஆ முடிவு, பன்மைக்கு ஸ் முடிவுன்னு பழகியிருப்போம், அந்த பழக்கத்துல எயா அப்ரீயா அப்லாதான்னு கை தானா எழுதிரும். தப்பு. அபேர் கூட வரும்போது பார்த்திசிபியோ எப்பவும் ஓ-லதான் முடியும், ஆணா பெண்ணா, ஒருத்தரா பத்து பேரான்னு பார்க்காது. நம்ம "பேசி" அவனுக்கு ஒண்ணு அவளுக்கு ஒண்ணுன்னு மாறுதா? இல்லல்ல. அதே தான்.

ரெண்டுக்கும் நடுவுல எதையும் சொருகவும் கூடாது. "பேசி நேத்து இருப்பேன்"னு நம்ம சொல்லுவோமா, காதுக்கே ஒட்டாது. அதே மாதிரி அப்ரீயாவுக்கும் அப்லாதோவுக்கும் நடுவுல "எப்பவும்", "ஏற்கனவே", "இல்ல" எதுக்கும் இடம் கிடையாது, எல்லாம் முன்னாடியோ பின்னாடியோ போயிரணும். அதை, என்னை, உனக்குன்னு வர்ற சின்னச் சின்ன வார்த்தைகள் அப்ரீயாவுக்கு முன்னாடி நிக்கும்: லோ அப்ரீயா கொம்ப்ராதோ, அதை வாங்கியிருப்பேன். எதிர்மறைக்கு அதுக்கும் முன்னாடி நோ: நோ லோ அப்ரீயா கொம்ப்ராதோ, அதை வாங்கியிருக்க மாட்டேன். தமிழ்ல எதிர்மறைன்னா வடிவமே மாறும், வாங்கியிருக்க மாட்டேன், நடந்திருக்காதுன்னு ஆளுக்குத் தகுந்த மாதிரி வேற வேற, அவங்க ஒரு நோவை முன்னாடி வச்சுட்டு வேலையை முடிச்சுருவாங்க. லெவந்தார்சே, அதாவது எழுந்திரு, இந்த மாதிரி தன்னையே குறிக்கிற வெர்புன்னா மே அப்ரீயா லெவந்தாதோ, தே அப்ரீயாஸ் லெவந்தாதோன்னு முன்னாடி இருக்குற குட்டி வார்த்தையும் ஆளுக்கேத்த மாதிரி மாறணும்.

இப்போ முக்கியமான இடம், "இருந்தா" பாகம். "நீ கூப்பிட்டிருந்தா நான் ஹெல்ப் பண்ணியிருப்பேன்." ஸ்பானிஷ்ல: சி மே உபியேராஸ் யமாதோ, தே அப்ரீயா அயுதாதோ. சி-ன்னா "ஆல்", யமாதோ "கூப்பிட்டு", அயுதாதோ "உதவி பண்ணி". நம்ம வாக்கியத்துல "இரு" ரெண்டு தடவை வருது, கூப்பிட்டிருந்தா, பண்ணியிருப்பேன். அவங்க வாக்கியத்துலயும் அபேர் ரெண்டு தடவை வருது, உபியேராஸ், அப்ரீயா. கண்டிஷன் பக்கம் உபியேரா, விளைவு பக்கம் அப்ரீயா, இந்த ஜோடியை அப்படியே மனசுல பதிய வச்சுக்கோங்க. உபியேரா, உபியேராஸ், உபியேரா, உபியேராமோஸ், உபியேராய்ஸ், உபியேரான்னு அதுவும் அதே முடிவுகளோடதான் ஓடுது. இதுக்கு உபியேசேன்னு இன்னொரு வடிவமும் உண்டு, ஸ்பெயின்ல எழுத்துல பார்ப்பீங்க, அர்த்தம் மாறாது.

சி-க்குப் பின்னாடி நேரா அப்ரீயா போடாதீங்க. "சி அப்ரீயா"ன்னு ஸ்பெயினோட வடக்குப் பகுதியில, பாஸ்க் பிரதேசம், நவார்ரா, புர்கோஸ் பக்கம் மக்கள் பேசுறது உண்டு, கேட்டா ஆச்சரியப்படாதீங்க, ஆனா பரீட்சையில எழுதுனா மார்க் போயிரும். அதுக்கு எதிர்ப்பக்கம் தாராளம் உண்டு, விளைவு பக்கத்துல அப்ரீயாவுக்கு பதிலா உபியேரா போட்டு தே உபியேரா அயுதாதோன்னு சொன்னா அதுவும் சரியான ஸ்பானிஷ் தான், பேச்சுல நிறைய கேப்பீங்க. என்னைக் கேட்டா ஆரம்பத்துல ரெண்டையும் கலக்காம உபியேரா ஒரு பக்கம் அப்ரீயா ஒரு பக்கம்னு பிரிச்சே பழகுங்க, எது எங்கன்னு கை தானா போடுற அளவுக்கு வந்தப்புறம் கலந்துக்கலாம்.

விளைவு இப்போதைக்கு உள்ளதா இருந்தா இந்த டென்ஸே வராதுங்கிறதையும் பாருங்க. "படிச்சிருந்தா இப்போ வேலை இருக்கும்", இதுல ரெண்டாவது பாதி இன்னைக்கு சமாச்சாரம், அதனால சாதா கண்டிஷனல், அதாவது அபேர் துணையில்லாம வெர்புலயே நேரா ஈயா ஒட்டுறது: சி உபியேரா எஸ்துதியாதோ, ஆஓரா தெந்த்ரீயா த்ரபாஹோ. "கிடைச்சிருக்கும்"னா அப்ரீயா சேர்ந்த நம்ம கூட்டு டென்ஸ், "இருக்கும்"னா சாதா, தமிழ்ல நீங்க எதைச் சொல்றீங்களோ அதுவே உங்களுக்கு வழி காட்டிரும்.

ஆனா தமிழ் எல்லா இடத்துலயும் வழி காட்டாது, இதைத்தான் நான் ரொம்ப கவனமா சொல்லணும்னு நினைச்சேன். "அவங்க வந்து சேர்ந்திருப்பாங்க"ன்னு நம்ம ஊகமா சொல்றோம்ல, இப்போ மணி பத்து, இந்நேரம் வந்து சேர்ந்திருப்பாங்கன்னு. இங்க கண்டிஷனே கிடையாது, வெறும் யூகம். தமிழ்ல அதே "இருப்பாங்க", ஸ்பானிஷ்ல வேற: சோன் லாஸ் தியெஸ், யா அப்ரான் யெகாதோ. அப்ரீயான் இல்ல, அப்ரான், எதிர்கால வடிவம். ஆனா அதே யூகத்தை கடந்த காலத்துல நின்னு பண்ணா, "அப்போ மணி பத்து, அதுக்குள்ள அவங்க வந்து சேர்ந்திருப்பாங்க"ன்னா, எரான் லாஸ் தியெஸ், யா அப்ரீயான் யெகாதோ. தமிழ்ல ஒரே வடிவத்துல ஓடுறதை அவங்க ரெண்டா பிரிக்கிறாங்க. ஸோ வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கோங்க: நான் இப்போ நின்னு ஊகிக்கிறேனா? ஆமான்னா அப்ரா. நடக்காமப் போனதைப் பத்தியா, இல்ல பழைய ஒரு நேரத்துல நின்னு யோசிக்கிறேனா? அப்போ அப்ரீயா.

இன்னொரு இடமும் இதே மாதிரி. "அஞ்சு மணிக்குள்ள முடிச்சிருப்பேன்னு சொன்னான்." நம்ம அவன் சொன்னதை அப்படியே தூக்கி "ன்னு" போட்டு ஒட்டிருவோம். ஸ்பானிஷ்ல "சொன்னான்"னு கடந்த காலத்துக்குப் போனதும் உள்ள இருக்குறதும் நகரணும்: தீஹோ கே பாரா லாஸ் சிங்கோ அப்ரீயா தெர்மினாதோ. அவன் நேர்ல சொன்னப்போ அப்ரே தெர்மினாதோ, நம்ம திருப்பிச் சொல்லும்போது அப்ரீயா தெர்மினாதோ. வெனிசுலாவுல பிறந்து சிலியில வாழ்ந்த ஆந்த்ரேஸ் பேயோ 1847-ல ஒரு ஸ்பானிஷ் இலக்கணம் வெளியிட்டாரு, அதுல இந்த டென்ஸுக்கு அவர் வச்ச பேரு ஆந்தேபோஸ்ப்ரெதேரிதோ. உடைச்சுப் பார்த்தா முன், பின், இறந்தகாலம். கேக்க வாய்க்குள்ள நுழையாத பேரா இருக்கலாம், ஆனா இந்த அஞ்சு மணி வாக்கியத்துல வச்சுப் பாருங்க: சொன்னது இறந்தகாலம், அஞ்சு மணி அதுக்குப் பின்னாடி, முடிக்கிறது அந்த அஞ்சு மணிக்கு முன்னாடி. மூணு பாகமும் கச்சிதமா உக்காருது. இவ்வளவு நேர்மையா ஒரு டென்ஸுக்குப் பேர் வச்சதை நான் வேற எங்கயும் பார்த்ததில்ல. மெக்சிகோ பாடப்புத்தகங்கள்ல இன்னும் இந்தப் பேர் வரும்.

ஸ்பானிஷ் செய்தி படிக்க ஆரம்பிச்சீங்கன்னா எல் ப்ரெசிதெந்தே அப்ரீயா பியஹாதோன்னு ஒரு வரி கண்ணுல படும், எங்கடா கண்டிஷன்னு தேடாதீங்க. அது நம்ம "போயிருக்காராம்", உறுதியாகாத தகவல்னு காட்டுற அப்ரீயா. நம்ம "ஆம்" ஒட்டுற மாதிரி பத்திரிகைக்காரங்க இதை ஒட்டுறாங்க. மொழி ஆசிரியர்கள் பலருக்கு இந்த வழக்கம் பிடிக்காது, நீங்க எழுதும்போது தவிர்க்கலாம், படிக்கும்போது புரிஞ்சா போதும்.

"வந்திருக்கலாம்", "வந்திருக்கணும்" இது ரெண்டும் தனி. வந்திருக்கலாம்னா போத்ரீயா அபேர் பெனீதோ, வந்திருக்கணும்னா தெபெரீயா அபேர் பெனீதோ. இங்க கண்டிஷனல் முடிவு முன்னாடி இருக்குற வெர்புக்குப் போயிருச்சு, அபேர் சும்மா அப்படியே நிக்குது.

ரெகுலர் பத்தித்தான் பேசுறோம், இருந்தாலும் சில அடங்காத பார்த்திசிபியோக்களை சீக்கிரமே சந்திப்பீங்க, முகம் தெரிஞ்சு வச்சுக்கோங்க: செய்-க்கு எச்சோ, சொல்-லுக்கு தீச்சோ, பார்-க்கு பீஸ்தோ, எழுது-க்கு எஸ்க்ரீத்தோ, திற-க்கு அபியெர்தோ, வை-க்கு புவெஸ்தோ. "நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?"ன்னு கேக்க கே அப்ரீயாஸ் எச்சோன்னு எச்சோ தேவைப்படும், பேச்சுல ரொம்ப உபயோகப்படுற கேள்வி இது.

சி வாக்கியம் கை வந்துட்டா இன்னும் சுருக்கமா ஒரு வழி இருக்கு, சி-யையும் உபியேராவையும் தூக்கிட்டு தே அபேர் போடுறது (இந்த தே முன்னாடி பார்த்த "உனக்கு" தே இல்ல, வேற வார்த்தை). தே அபெர்லோ சபீதோ, நோ லோ அப்ரீயா கொம்ப்ராதோ. தெரிஞ்சிருந்தா அதை வாங்கியிருக்கவே மாட்டேன். "தெரிஞ்சிருந்தா"ல நம்மகிட்ட ஆள் அடையாளம் இல்ல பாருங்க, தே அபேர்லயும் இல்ல, அதனால உபியேராவோட ஆறு வடிவம் இன்னும் மனப்பாடம் ஆகாதவங்க இதை வச்சே நிறைய பேசிடலாம்.

இப்போ நீங்க மூணு வாக்கியம் பண்ணிப் பாருங்க, பதிலை மறைச்சுக்கிட்டு. "நாங்க காத்திருந்திருப்போம்", காத்திருக்க எஸ்பெரார். "அவ சாப்பிட்டிருக்க மாட்டா." "நீ கேட்டிருந்தா அவங்க உனக்கு உதவி பண்ணியிருப்பாங்க", கேக்க ப்ரெகுந்தார். முதல்ல அப்ரீயாமோஸ் எஸ்பெராதோ. ரெண்டாவது எயா நோ அப்ரீயா கொமீதோ. மூணாவது சி உபியேராஸ் ப்ரெகுந்தாதோ, தே அப்ரீயான் அயுதாதோ. ரெண்டாவதுல கொமீதான்னு வந்திருந்தா "அப்லாதோ நகராது"ன்னு சொன்ன பத்தியையும், மூணாவதுல சி-க்குப் பின்னாடி அப்ரீயாஸ் வந்திருந்தா உபியேரா பத்தியையும் இன்னொரு தடவை படிச்சுட்டு மறுபடி எழுதிப் பாருங்க.